துரையும் துரைத்தனமும்

இரண்டாம் ஆண்டு அரசறிவியல் பயிற்சி வகுப்பொன்றில் விரிவுரையாளர் எங்களிடம் ஒரு வினாவைத் தொடுத்தார். “நீங்கள் உங்கள் வாழ்க்கையில் கண்டு அஞ்சிய அதிகாரம் எது?” ஒவ்வொருவரும் ஒரு சொல்லில் விடை கூறவேண்டும். முல்லைத்தீவிலிருந்து வந்த என் தோழி இராணுவம் என்றாள். யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் பொலிஸ் என்றார். என் முறை வந்தபோது, “தோட்டத்து ஆபிஸ்” என்றேன். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை, ஆயினும் திருத்தினார். அரசு கட்டாயப்படுத்தும் ஆற்றலுடையது; வேலைகொள்வோர் ஒப்பந்தம் செய்பவர் மட்டுமே; முன்னதிலிருந்து தப்ப முடியாது, பின்னதைப் பிடிக்காவிடில் விட்டுப் போகலாம் என்று விளக்கினார். பாடநூற்படி அவர் கூறியதில் பிழையில்லை. ஹொப்ஸும் லொக்கும் பேசிய அதிகாரம் அரசனுடைய அதிகாரமே. எனினும் “விட்டுப் போகலாம்” என்ற அச்சொற்கள் அன்றிரவு விடுதியில் என்னை உறங்கவிடவில்லை. அவற்றுக்கு நான் அன்று கூறாத விடையையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

என் தாயார் கொழுந்து பறிப்பவர். நாங்கள் வாழ்வது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதன் முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. அக்காம்பரா எங்களுடையதன்று, தோட்டத்தினுடையது. வீட்டில் ஒருவருடைய பெயரேனும் செக்றோலில் இருக்கும்வரை நாங்கள் அங்கே இருப்பதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தொடங்கி நான்கு வருடங்களாகின்றன. அவர் வேலையை விட்டு நிற்கலாம் என்று யாராவது கூறினால் எங்கள் கண்கள் தாமாகவே கூரைத் தகரத்தை நோக்கி உயரும்.

வீடு ஒன்று மட்டுமாயின் வாடகை வீட்டுக்காரருக்கு அஞ்சும் நகரவாசியின் அச்சத்தோடு இதனை ஒப்பிட்டுவிடலாம். ஆனால், பீலியில் வரும் தண்ணீர் தோட்டத்தினுடையது. குழந்தையை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பரா தோட்டத்தினுடையது. விறகுக்கு ஒரு சவுக்குக் கிளையை வெட்டவும், லயத்தின் பின்னால் நான்கு பாத்தி போஞ்சி போடவும், மாடு ஒன்று கட்டவும் அனுமதி வேண்டும். மரணம் நேர்ந்தால் குழி வெட்ட ஆள் விடுவதும் ஆபிஸே. எங்களுக்கு வரும் கடிதங்கள் அங்கேதான் வந்து சேரும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தை நான் பிரித்தபோது அதன் ஓரம் ஏற்கெனவே கசங்கியிருந்தது. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுப்பதிலிருந்து மாலையில் நிறுவை முடியும்வரை அம்மாவின் நாளை அளப்பது அரசு அன்று. பறித்த கொழுந்து குறைந்தால் விழுவது ‘அரைப்பேர்’. காலையிலிருந்து மழையில் நின்ற ஒருவரைப் பாதி மனிதராக எழுதிவிடும் அச்சொல்லைக் கண்டுபிடித்தவர் யாராயிருப்பினும் அவர் மொழி வளம் மிக்கவரே!

பழைய தமிழில் அரசாங்கத்துக்குத் ‘துரைத்தனம்’ என்றொரு பெயர் வழங்கியது. வெள்ளையர் காலத்துப் பத்திரங்களில் ‘துரைத்தனத்தார்’ என்றால் ஆட்சியாளர். ஏனைய ஊர்களில் அச்சொல் வழக்கிறந்துவிட்டது. எங்கள் மலைகளில் அதன் முற்பாதி மட்டும் உயிரோடிருக்கின்றது.

என் அண்ணனின் கதையை இங்கே கூறவேண்டும். தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை ஊரவர்க்குக் கிராம உத்தியோகத்தரும், பாடசாலை மாணவர்க்கு அதிபரும், தோட்டத்தில் வசிப்போர்க்குத் தோட்ட அத்தியட்சகரும் சான்றுப்படுத்துவது இந்நாட்டு நடைமுறை. சம்பளம் தருபவரே, இவர் இன்னார் என்று அரசுக்குச் சாட்சி சொல்பவராகவும் இருக்கின்றார். அண்ணன் சாதாரண தரத்தோடு பள்ளியை விட்டு விலகியவன். கொழும்பில் கடை வேலைக்குப் போக அவனுக்கு அடையாள அட்டை தேவைப்பட்டது. விண்ணப்பத்தை ஆபிஸில் கொடுத்தான். அக்காலத்தில்தான் அப்பா லயத்தின் பின்புறம் நான்கு அடி நீட்டித் தகரத்தால் ஒரு சமையற்கட்டு இறக்கியிருந்தார். அனுமதியின்றிக் கட்டியதென்றும் அதனைக் கழற்றவேண்டுமென்றும் கணக்கப்பிள்ளை மூலம் சொல் வந்தது. அப்பா கழற்றவில்லை.

விண்ணப்பத்தை எவரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அதற்கொரு மேன்முறையீடு இருந்திருக்கும். துரை வெளியே போயிருக்கின்றார் என்றார்கள். முத்திரை இல்லை என்றார்கள். நாளை வா என்றார்கள். ஐந்து மாதங்கள் சென்றன. தோட்டத் தலைவர் ஒருமுறை ஆபிஸுக்குப் போய், “பார்ப்போம்” என்ற விடையோடு திரும்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஏணி வைத்துத் தகரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கினார். நானும் கீழே நின்று ஆணிகளைப் பொறுக்கினேன். அடுத்த புதன்கிழமை கையெழுத்து வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லையென்று சொல்லலாம். சொன்னார்கள்.

விட்டுப் போவதற்கான கடவுச்சீட்டே அந்தக் கையெழுத்துத்தான் என்பதை அந்தப் பயிற்சி வகுப்பில் என்னால் எடுத்துரைக்க இயலவில்லை.

இது ஒரு தோட்டத்தின், ஒரு துரையின் குணம் மட்டுமாயின் எழுதவேண்டிய தேவையில்லை. துரையும் இன்று மாதச் சம்பளக்காரரே; அவர் மேல் கம்பனி இருக்கின்றது. எங்கள் துரைமாரில் ஒருவர் அப்பாயி இறந்தபோது லயத்துக்கு வந்து தலை கவிழ்ந்து நின்றவர். நான் பேச விழைவது குணத்தைப் பற்றியன்று. விட்டுப் போகும் வழியை அடைப்பதில் அரசும் வேலைகொள்வோரும் ஒரே கையாக இயங்கிய வரலாறு எங்களுக்கு இருக்கின்றது. 1865 ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறைக்குச் செல்லக்கூடிய குற்றவாளி. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமாயின் கடனைச் செலுத்தினால் விடுவிப்பதென்ற ‘துண்டு’ வேண்டும். கங்காணியிடம் பட்ட கடன் தீர்வது எளிதன்று. துண்டு முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது. தோட்டத்தின் வேலியை எழுப்பியவர் துரை. அதற்குக் கம்பி கொடுத்தது துரைத்தனம்.

பின்னர் அரசு எங்களை நெருங்கி வந்ததுண்டு. 1927 இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. என் அப்பாயியை அரசு கண்டுகொண்ட விதத்தை நான் இவ்வாறு தொகுத்துக்கொள்கின்றேன்: நுவரெலியா மாவட்டத்தைத் தாண்டிப் போயிராத அவருடைய தகரப் பெட்டியில் ஓர் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டபோது அவர் முதற்பங்கில் விழுந்தவர். முறை வருவதற்கிடையில் 1984 இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோயிற்று. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவர் இந்நாட்டவரானார். முதன்முதலாக வாக்களித்தபோது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. விரலிலிருந்த மையை இரண்டு நாள் கழுவாமல் வைத்திருந்தாராம்.

அரசாங்கத்தின் மேல் அவருக்குக் கோபம் இருந்திருக்கவேண்டுமென்று நான் எதிர்பார்த்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: “கவருமெண்டு பெரிய மனுசன் ஆயி. அவனுக்கு நம்மளத் தெரியாது. தெரியாம செஞ்சிட்டான். தொரைக்கு நம்மளத் தெரியும்.”

இதனை நான் பல நாள் அறியாமையென்றே கருதினேன். முற்போக்கு இலக்கியம் பேசும் மூத்த மாணவர் ஒருவரிடம் கூறியபோது அவர் அதனை வர்க்க உணர்வு என்று கொண்டாடினார். இரண்டுமே பொருந்தவில்லை. அப்பாயி கூறியது ஓர் அனுபவ வேறுபாடு. தூரத்திலிருக்கும் அதிகாரம் உன் பெயரை ஒரு பட்டியலிலிருந்து நீக்கும். அருகிலிருக்கும் அதிகாரம் உன் மகன் எந்த நாளில் வேலைக்கு வராமல் நின்றான் என்பதை ஞாபகம் வைத்திருக்கும். முன்னதன் கொடுமை பெரிது. பின்னது ஓயாதது.

அப்பாயியின் நினைவில் ஒரு விழா நாளும் இருந்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசு சுவீகரித்தபோது கோயிலில் பொங்கல் வைத்தார்களாம். வெள்ளைக்காரன் போய்விட்டான், இனி எசமான் இல்லை, கவருமெண்டுதான் என்று தாத்தா பிரட்டுக்களத்தில் சத்தமிட்டாராம். மறுநாள் அதே நேரத்தில் அதே களத்தில் பெயர் கொடுக்கவேண்டியிருந்தது. அதுவரை துரை அநீதி செய்தால் தொழிற்சங்கம் தொழில் ஆணையாளரிடம் போகும். இனி அரசின் மேல் அரசிடமே முறையிடவேண்டும். உத்தியோகத்துக்கு ஒரே எசமானாக அரசைக் கண்ட யாழ்ப்பாணத்தில், கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்பார்கள். அங்கே அரசாங்க வேலை என்பது மேசை, ஓய்வூதியம், திருமணச் சந்தையில் மதிப்பு. எங்களுக்கும் பதினேழு ஆண்டுகள் கோறணமேந்து வேலை கிடைத்தது, கூடைதான் மாறவில்லை. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குப் போயிற்று. நிலம் இன்றும் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, கொழுந்து பறிப்பவர் எவருடையவர் என்பதை எந்தப் பத்திரமும் கூறவில்லை.

இவ்விடத்தில் இரண்டு மரணங்கள் என் மனத்தில் அருகருகே கிடக்கின்றன. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் அவ்வாறே இறந்தார். முன்னது தனியார் தோட்டத்தின் கூலிப் போராட்டம். பின்னது தோட்டக் காணிகளை அரசு துண்டாடிக் கொடுக்க முற்பட்டதற்கு எதிரான போராட்டம். எசமான் தனியாராக இருந்தபோதும் அரசாக இருந்தபோதும் துப்பாக்கி ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. ஆனால், இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1937 இல், தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிறேஸ்கேடில் என்ற அவுஸ்திரேலிய இளைஞரை நாடு கடத்தத் தேசாதிபதி கட்டளையிட்டார். மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் தொழில் பழக வந்த வெள்ளையர் அவர். தோட்டத்துரைமாரின் கோபமே தேசாதிபதியின் கட்டளையாயிற்று. உயர் நீதிமன்றமோ அக்கட்டளை செல்லாதென்று அவரை விடுவித்தது. தேசாதிபதியும் அரசு, நீதிமன்றமும் அரசு. அந்த இரண்டுக்கும் இடையே ஒரு கதவளவு இடைவெளி இருந்தது. பிறேஸ்கேடில் அதனூடாக வெளியே வந்தார்.

எங்களைப் போன்றோர் அரசை நம்புகிறோமா, முதலாளியை நம்புகிறோமா என்ற வினா எனக்குப் பொருளற்றதாகத் தோன்றுவது இதனாலேயே. நாங்கள் தேடுவது அந்த இடைவெளியை. ஒருவர் மறுத்தால் மற்றவரிடம் போகக்கூடியதாக, இருவரும் இருவேறு ஆட்களாக இருக்கவேண்டும். வேலைகொள்வோரின் கையிலேயே அரசின் முத்திரையையும் கொடுத்துவிட்டால் போவதற்கு இடமில்லை.

சம்பளக் கதையும் இவ்வாறே. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவென்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன; எனினும் ஆயிரம் வந்தது. அத்தோடு எங்கள் மலையில் பதினாறு கிலோவாயிருந்த கொழுந்து இருபது கிலோவாயிற்று. அவ்வளவு பறிக்காதவருக்கு ஆயிரம் இல்லை. 2024 இல் 1700 ரூபா என்றார்கள்; கம்பனிகள் மீண்டும் நீதிமன்றம் சென்றன; இடைக்காலத் தடை வந்தது; முடிவில் 1350 ரூபாவில் வந்து நின்றது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், வேலைக்கு வரும் நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசே ஊக்கக் கொடுப்பனவாகத் தருவதென்று முன்மொழியப்பட்டது. கம்பனிக்காரன் கூலியை அரசு ஏன் கொடுக்கவேண்டும் என்று விடுதியில் பெரும் விவாதம் நடந்தது. நானும் வாதிட்டேன். விடுமுறையில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “அந்த எரநூறுக்கும் பேர் போடுறது யாரு? நம்ம கணக்கப்பிள்ளதானே?”

அதே விடுமுறையில் முல்லைத்தீவுத் தோழி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். 2009 இல் ஏழு வயதில் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தவள் அவள். அரசென்றால் அவளுக்குச் சீருடை. சுற்றிவளைப்பும் காணாமற் போனவர்களும் இருக்கையில் நான் சமையற்கட்டுத் தகரத்தைப் பற்றிப் பேசுவது அவளுக்கு விளையாட்டாகப் பட்டிருக்கவேண்டும். அதில் அவள்மேல் குறையில்லை. எங்கள் துன்பத்தை அவளுடையதோடு நிறுத்துப் பார்க்கும் தராசும் என்னிடம் இல்லை. ஒரு மாலை அம்மாவும் நாங்களும் தோட்டத்துச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். பின்னால் துரையின் ஜீப் வரும் ஓசை கேட்டது. அம்மா பேச்சை நிறுத்தி, சாலையை விட்டுக் கானோரம் இறங்கி, தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஜீப் போனது. அம்மா ஏறி வந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

தோழி நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. இரவு படுத்தபின் மெல்லிய குரலில் கேட்டாள்: “அம்மா ஏனடி ரோட்டை விட்டு இறங்கி நிண்டவ? ஆரும் இறங்கச் சொல்லேல்லையே. சென்றியில நாங்களும் இப்பிடித்தான் தொப்பியைக் கழற்றிப்போட்டு நிக்கிறது. எங்களுக்கு ஆமி சொன்னவன்.”

இருபத்து மூன்று வருடங்களாக அம்மா அவ்வாறு இறங்கி நிற்பதைப் பார்த்திருக்கின்றேன். அதை நான் கண்டதேயில்லை. எங்கள் தோட்டத்தில் ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் கிடைத்த சில குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் ஜீப் வரும்போது ஓரமாக ஒதுங்குகின்றார்கள், இறங்குவதில்லை. இதனையும் அதன் பின்னரே கவனித்தேன்.

சென்ற மாதம் எனக்கு ஒரு வதிவிடச் சான்றிதழ் தேவைப்பட்டது. அரசாங்கப் பரீட்சையொன்றுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கின்றேன். எங்கள் லயத்துக்கு இலக்கம் இல்லை. ஆகையால் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால் இலகு என்றார் கிராம உத்தியோகத்தர். அம்மா அரைநாள் விடுப்பெடுத்து என்னோடு வந்தார். ஆபிஸுக்கு வருவோர் சன்னலுக்கு வெளியே நின்று பேசுவதே வழக்கம். நாங்களும் அங்கே நின்றோம். கிளாக்கர் ஐயா என்னை அடையாளம் கண்டு, “கெம்பஸ் மிஸ்தானே? உள்ள வாங்க, இப்படி உட்காருங்க” என்றார். உள்ளே போய் அமர்ந்தேன். அந்நாற்காலியில் அமர்ந்த பின்னரே அம்மா வெளியே நிற்பது நினைவுக்கு வந்தது. எழுந்து அவரை அழைத்திருக்கலாம். அழைத்தால் கடிதம் தாமதமாகுமோ என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது; அந்தக் கணத்துக்குள் கடிதம் அச்சாகிவிட்டது. அண்ணனுக்கு ஐந்து மாதம் சென்ற அதே கையெழுத்து எனக்கு ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

வெளியே வந்தேன். அம்மா படிக்குக் கீழே, தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“சீலு அடிச்சாங்களா?” என்று கேட்டு, கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த ஆங்கில எழுத்துகளின் கீழ் முத்திரை எங்கேயிருக்கின்றதென்று தேடினார்.